தவிட்டுக்கு விற்ற பிள்ளை

அத்தியாயம் பதினொன்று

பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். இருளம்மாள் மட்டும் தன் பக்கத்து ஜன்னல் பலகையை இழுத்து அடைத்தாள்.

"வெளிச்சம் அது மூஞ்சியில படுது" என்றாள்.

'அது' யார் என்று இதுவரை இந்தக் கதையோடு வந்தவர்களுக்குத் தெரியும். இன்றுதான் நம்மோடு ரயிலேறியவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது நாகலெட்சுமியின் மகன். இந்த நாளோடு அவனுக்கு மூன்று வயது நிறைகிறது. திருவாடானைக்குத் தெற்கே, நாலு பேர் மதிக்கிற, நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டில் ஒரே ஆண் வாரிசு. வீரபத்திரன் என்று குலசாமி பேரை அவனுக்கு நினைத்து வைத்திருக்கிறார்கள். வாயால் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று முகம் பார்த்துச் சிரிக்கிற பருவத்தில் போயிற்று. இன்னொன்று தவழ ஆரம்பித்துப் போயிற்று. மூன்றாவது பிறந்ததும் குறி சொல்கிற கோடாங்கியை அழைத்து உடுக்கடித்துக் கேட்டார்கள். பிள்ளையைப் புடைக்கிற சுளகில் வைத்துக் குப்பைமேட்டில் போடு, வேற்று ஆள் ஒருத்தி தவிட்டைக் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும், மூன்று வயது நிறைகிறபோது ராமேசுவரத்துக் கடலில் முழுக்காட்டி அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள் என்று அவன் சொன்னான். அதுவரைக்கும் பிள்ளை அவளுடையது, வளர்க்கிறது மட்டும் இவர்கள்.

தவிடு கொடுத்து எடுத்தவள் அந்த வீட்டில் நெல் குத்துகிற உலகம்மாள். எமன் வந்து வாசலில் நின்றால், இது எங்கள் பிள்ளை இல்லையப்பா, உலகம்மாள் பிள்ளை என்று கைகாட்டி விடலாமாம். உலகம்மாள் பிள்ளை என்றால் எமன் தொடமாட்டானா, தொட்டால் பரவாயில்லையா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்கிற இடத்தில் இல்லை. அவள் புருஷன் சின்னக்கருப்பன் அந்த வீட்டு வயலில் பண்ணையாள். அவர்கள் குடிசை நிற்கிற மண்ணும் அந்த வீட்டு மண்.

இன்றும் அவள் பெட்டியின் கதவோரம் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். பலகையில் இடம் இருந்தது. அவள் மடியில் அவளுடைய மகள் பூமயில். இவனைவிட ஒரு பருவம்தான் மூத்தவள். கண்ணில் படுவதையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். தண்ணி. படகு. கொக்கு. அந்தா பெரிய கொக்கு. இருளம்மாள் ஒரு முறை முறைத்ததும் உலகம்மாள் மகளின் வாயைப் பொத்தினாள். கையை எடுத்ததும் அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

நாகலெட்சுமி மகனைப் பார்த்தாள். இருளம்மாள் மடியில், துணி மூடிய தலையோடு, ஜன்னல் பலகையின் விரிசல் ஒன்றை ஆள்காட்டி விரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுக்கு அதுதான் வேலை. நெல் கொட்டி வைக்கிற குலுக்கை இருக்கிற உள்ளறை, அதில் காரை பெயர்ந்த ஒரு சுவர், கொல்லைப் பக்கம் ஒரு கையகலச் சாளரம். மூன்று வருஷமும் அவனுக்கு உலகம் அவ்வளவுதான்.

தாலாட்டுப் பாடக் கூடாது. கிலுகிலுப்பை கூடாது. வெயிலில் காட்டக் கூடாது, மண்ணில் விடக் கூடாது, கொஞ்சக் கூடாது. பால் கொடுக்கும்போது தன்னை அறியாமல் ஒரு 'ராசா' வாயில் வந்துவிடுமோ என்று நாகலெட்சுமி முந்தானையைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு கொடுத்தாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லாதீர்கள். இரண்டைக் குழிக்கு அனுப்பியவளுக்கு மூன்றாவது மூச்சு விடுவதே போதும் என்று இருந்தது.

இருளம்மாள் இவளுடைய நாத்தனார், புருஷனின் அக்காள். வாலிபத்தில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து தம்பி செல்லச்சாமியை வளர்த்து ஆளாக்கியவள். அவளுக்கும் ஒரு மகன் இருந்தான். திருவாடானைத் தேரோட்டத்தில் அவனுக்குக் கொலுசும் அரைஞாணும் பூட்டி இடுப்பில் வைத்து நாலு வீதியும் சுற்றினாள். பார்த்தவர்கள் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். அந்த வாரமே காய்ச்சல் கண்டு போய்விட்டான். நான் கொஞ்சித்தான் கொன்னேன் என்று இன்றைக்கும் சொல்வாள். அவளிடம் இருந்தது துவேஷம் அல்ல, பயம். ஆனால் பயந்தவள் கையில் வீட்டுச் சாவி இருந்தால் அந்த வீட்டில் எல்லாரும் பயந்துதான் வாழ வேண்டும்.

"காலையில கிளம்பும்போதே உள்ளறையில பல்லி சொல்லுச்சு. நல்ல சகுனம். எல்லாம் நல்லா முடியும்" என்றாள் அவள் இப்போது.

இருளம்மாளுக்குப் பல்லி சொன்னால் போதும். எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்தி, விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டி, சாமியை நினைத்துக்கொள்வாள். அந்த உள்ளறைப் பல்லிமேல் அவளுக்குத் தனி மரியாதை. எது கேட்டாலும் பதில் சொல்கிறது என்று பெருமையாகச் சொல்வாள்.

செல்லச்சாமி எதிர்ப் பலகையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை. அக்காளும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொள்வது அவன் பழக்கம்.

நாகலெட்சுமியின் மடியில் தவிட்டு முடிச்சு இருந்தது. அதற்கும் கீழே, யாருக்கும் தெரியாமல், டாக்டரம்மா சொன்ன வார்த்தைகள் இருந்தன. தாய் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் ராமநாதபுரத்துக்கு ஓடியதைப் போன வாரம் பார்த்தோம். நடக்கிற வயதில் சுவரைப் பிடித்து நாலு எட்டு வைக்கிறான், பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. செவிடோ குருடோ என்று கேட்கத்தான் போனாள். ஏதாவது ஒன்று என்று சொல்லிவிட்டால்கூட அழுது தீர்த்திருப்பாள்.

டாக்டரம்மா அவன் முதுகுக்குப் பின்னால் கரண்டியைத் தட்டினார். திரும்பினான். தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார். கண் கூடவே போனது. ஒரு கிண்ணத்தில் கேழ்வரகைக் கொட்டி அவன் கையை அதில் வைத்தார். சுட்டுவிட்டது போல இழுத்துக்கொண்டான். இவன் என்ன விளையாடுவான், யார் இவனோடு பேசுவார்கள் என்று கேட்டார். நாகலெட்சுமி பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்தாள்.

"காது நல்லா இருக்கு. கண்ணும் நல்லா இருக்கு. நீங்கதான் அதுக்கு ஒண்ணுமே குடுக்கலை" என்றார் டாக்டரம்மா. "பாலைக் குடிச்சா உடம்பு வளரும். மூளை வளரணும்னா பிள்ளை கேக்கணும், பாக்கணும், தொடணும், எடுத்து வாயில வைக்கணும். இந்த வயசுல விட்டதைப் பின்னால பிடிக்கிறது கஷ்டம்."

இன்று ஆரம்பித்தால் சரியாகிவிடுமா என்று இவள் கேட்டாள்.

"இன்னைக்கே ஆரம்பிச்சா கஷ்டம். தள்ளிப் போட்டா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

அந்த 'இன்னைக்கே'யை அவள் ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டாள். ராமேசுவரம் முடியட்டும், பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை வரட்டும், அப்புறம் மூன்று வருஷத்தையும் சேர்த்துப் பேசிவிடுகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவளுக்கும் பயம் முழுசாக விட்டுப் போகவில்லை.

கடற்கரையில் கூட்டம் அதிகம் இல்லை. இருளம்மாள் ஒரு பூசாரியைப் பிடித்து, எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும், எத்தனை முழுக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நாகலெட்சுமி புருஷனிடம் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். தன்னைக் கேட்காமல் டாக்டரம்மாவிடம் போனதற்கு அவன் கோபிப்பான் என்று நினைத்தாள். அவன் கோபிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதான் இன்னையோட முடியுதுல்ல. இனிமே வெளிய விடுவோம்" என்றான். பிறகு, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ, சொல்லாமல் விட்டிருக்க வேண்டியதைச் சொன்னான். "கோடாங்கி பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்கன்னுதான் சொன்னான். இருட்டுல வையி, பேசாதன்னு அவன் சொல்லலை. அக்கா பயந்துச்சு. நானும் போகட்டும்னு விட்டுட்டேன்."

பிரசவித்த அறையில் கிடந்தவள் கோடாங்கி சொன்னதை எங்கே கேட்டாள்? நாத்தனார் வந்து சொன்னதைத்தான் கேட்டாள். தாலாட்டு வேண்டாம் என்றதும் சாமி வாக்கு என்று நம்பினாள். முந்தானையைக் கடித்து முந்தானை கிழிந்தது. அத்தனை நாளும் செல்லச்சாமி பக்கத்து அறையில் படுத்திருந்தான்.

"தெரிஞ்சேவா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தான். அக்காளைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்வதைவிட அவனுக்கு மகனை இருட்டில் விடுவது சுலபமாக இருந்திருக்கிறது. நாகலெட்சுமிக்கு அந்த நிமிஷத்தில் நாத்தனார்மேல் இருந்த கோபம்கூடக் குறைந்து போயிற்று. அதெல்லாம் சேர்ந்து இவன் பக்கம் வந்துவிட்டது.

அந்தக் கடலில் அலை பெரிதாக வராது. காலை நனைத்துவிட்டுப் போகும். பிள்ளைக்கு அதுவே தாங்கவில்லை. வெளிச்சம் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம், தண்ணீர்ச் சத்தம் ஒரு பக்கம். உலகம்மாள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டான். முழுக்குப் போட்டு எடுத்தபோது மூச்சுப் பிடித்து முகம் நீலம் பாரித்துவிட்டது. பூசாரி போதும் போதும் என்றார்.

ஈரமணலில் உட்கார வைத்தார்கள். மணல் தொட்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டான். எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது.

இருளம்மாள் முறையைச் சொன்னாள். பிள்ளை உலகம்மாள் பக்கத்தில் இருக்கும். தாய் எதிரே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிள்ளை திரும்பிப் பார்த்ததும் தவிட்டை உலகம்மாள் மடியில் கொட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு அது அவர்கள் பிள்ளை, ஊரறிந்த பிள்ளை.

இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நாகலெட்சுமி இத்தனை காலம் காத்துக் கிடந்தாள். எந்தத் தொனியில் கூப்பிடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"வீரபத்திரா."

அது அவள் குரலாக இல்லை. வறண்டு, பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. மகனோடு பேசிப் பழகாத வாய். பிள்ளை கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தான்.

மறுபடி கூப்பிட்டாள். ராசா என்றாள், அய்யா என்றாள், எந்தங்கமே என்றாள். சேர்த்து வைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சத்தங்கள் எல்லாம் தன்னைக் குறிக்கின்றன என்று அவனுக்கு எப்படித் தெரியும்? செல்லச்சாமி உரக்கக் கூப்பிட்டான். அதற்கு அவன் நடுங்கிக் காதைப் பொத்தினான். பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, பாவம், செவிட்டுப் பிள்ளை போலிருக்கிறது என்று பக்கத்தில் சொன்னாள்.

பூமயில் இதற்கெல்லாம் காத்திருக்கிறவளாக இல்லை. ஒரு கை ஈரமணலை அள்ளிக்கொண்டு வந்து அவன் பாதத்தின்மேல் கொட்டினாள். அவன் அழப் போனான். உதடு பிதுங்கிவிட்டது.

உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நேரம் வாயே திறக்காமல் இருந்தவள், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினாள். மாட்டை ஓட்டும்போது கொடுக்கிற சத்தம். ட்டக், ட்டக்.

பிள்ளை அழுகையை நிறுத்தினான். கழுத்தை முழுசாகத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவன் நாக்கும் மேலே ஒட்டியது. ட்டக் என்றான். பிறகு, மணலில் ஊன்ற மறுத்த கையை இறக்கி, விரலை மடக்கி, ஈரமணலில் மூன்று தட்டுத் தட்டினான்.

இருளம்மாள் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது.

"பல்லி" என்றாள். "உள்ளறையில... அது பல்லி இல்லையா?"

 அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். வயலுக்குக் கிளம்பும் முன் செல்லச்சாமி அதைச் சகுனமாகக் கேட்டிருக்கிறான். விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். பிள்ளை உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். இவள் சாமி கும்பிட்டுத் தரையைத் தட்டித் தட்டித் தன் வேலையைப் பார்த்திருக்கிறாள். அந்தத் தட்டலைத் தனக்கு வந்த பதில் என்று எண்ணி அவன் கற்றுக்கொண்டிருக்கிறான்.

உலகம்மாள் பயந்துபோய்த் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். கொல்லையில் நெல் குத்தும்போது மரத்துத் தொட்டிலில் பூமயில் அழுவாள். அவளை அமர்த்த இப்படிச் சொடுக்குவேன். ஒரு நாள் சாளரத்துக்குள்ளிருந்து அதே மாதிரி வந்தது. நானும் பல்லி என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் இருட்டில் இரண்டு கண். பேசக் கூடாது என்று உத்தரவு, அதனால் பேசவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

"பிரியம்னு எல்லாம் சொல்ல மாட்டேன் தாயி" என்றாள். "அது கூப்பிடும்போது திரும்பச் சத்தம் குடுக்காம இருக்க மனசு வரலை. அம்புட்டுத்தான்."

இருளம்மாள் அழுவாள் என்று நாகலெட்சுமி நினைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதும் உண்மை. ஆனால் பழகிய பயம் அவ்வளவு சீக்கிரம் இடத்தை விட்டு எழுந்து போகுமா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குரல் பழைய குரலாகிவிட்டது.

"சரி. திரும்பிட்டான்ல. தவிட்டைக் கொட்டு, பிள்ளைய வாங்கு, வீட்டுக்குப் போவோம்" என்றாள். உலகம்மாள் பக்கம் திரும்பினாள். "உத்தரவை மீறி இத்தனை நாள் எங்களை ஏமாத்தியிருக்க. இனிமே நீ கொல்லைப் பக்கம் வர வேண்டியதில்லை. குத்துறதுக்கு வேற ஆள் பாத்துக்கிடுறோம்."

செல்லச்சாமி ஈர வேட்டியைப் பிழிந்தான். அக்காளை மறுத்துச் சொல்ல மாட்டான் என்று நாகலெட்சுமிக்குத் தெரியும். தவிட்டு முடிச்சை அவள் அவிழ்த்தாள். உலகம்மாள் மடியை ஏந்தினாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

வாங்கினால் மகன் கையில் வருவான். வீரபத்திரன் என்று ஊர் கூப்பிடும். அந்த வீட்டுக்குள் போவான், கதவைச் சாத்துவார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே பேச்சும் கொல்லைக்கு வெளியே நின்றுவிடும். டாக்டரம்மாவின் 'இன்னைக்கே' அதோடு போய்விடும்.

நாகலெட்சுமி இரண்டு எட்டு வைத்து, தவிட்டை வந்த அலையில் கொட்டினாள். தவிடு கொஞ்ச நேரம் மிதந்தது. அப்புறம் நனைந்து கலைந்தது.

"நான் வாங்கலை" என்றாள்.

பூசாரி, இதென்னம்மா என்றார். செல்லச்சாமி அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

இவன் உலகம்மாள் பிள்ளையாகவே இருக்கட்டும், பகல் முழுக்க அவள் குடிசை வாசலில் பூமயிலோடு மண்ணில் கிடக்கட்டும், கோழி கத்துவதையும் மாடு கத்துவதையும் கேட்கட்டும், சண்டை போடட்டும் என்றாள். தானும் அங்கே போய் உட்காரப் போவதாகச் சொன்னாள். தனக்கும் இவனோடு பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றாள். 

வாங்காத பிள்ளைக்குக் குலசாமி கோயிலில் முடியிறக்க முடியாது, பங்காளிகள் சும்மா இருக்க மாட்டார்கள், சொத்து கைமாறிப் போகும் என்று இருளம்மாள் அடுக்கினாள். செல்லச்சாமிக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

"எம் பிள்ளை அந்தத் தெருவுல கிடந்தா ஊர்ல நான் எப்படித் தலை காட்டுறது?"

"மூணு வருஷமா அவ பிள்ளைதானே" என்றாள் நாகலெட்சுமி. "எமன்கிட்ட சொல்லலாம், ஊர்கிட்ட சொல்லக் கூடாதோ?"

உலகம்மாள்தான் குறுக்கே வந்தாள். நன்றியோடு வரவில்லை.

"என்னை விட்டுரு தாயி. ஏலாது. அங்கன வந்து இதுக்கு ஒரு சளி பிடிச்சாலும் எங்க தலையிலதான் விடியும். எமனுக்கு எங்களைக் காட்டுனீக, பேசாம இருந்தேன். இப்ப அய்யா கோவத்துக்கும் எங்களைக் காட்டுறீகளே."

 மகனுக்காக அவள் எடுத்த தைரியத்துக்கு இன்னொரு வீட்டின் கூரையை ஈடு வைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொட்டிய தவிட்டை அள்ள முடியாது.

ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது செல்லச்சாமி கோபப்படாமல், குரல் உயர்த்தாமல், உலகம்மாளைத் தனியே கூப்பிட்டான். தனியே கூப்பிட்டான் என்றாலும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னான்.

"நாளைக்கு விடிஞ்சா சின்னக்கருப்பன நம்ம வயக்காட்டுல பாக்கக் கூடாது. குடிசையைப் பிரிச்சுக்கிடச் சொல்லு. வேற சம்சாரி வீடு பாத்துக்கிடுங்க."

அக்காளிடம் மூன்று வருஷம் சொல்ல முடியாமல் ஒரு வார்த்தையை விழுங்கியவன், பண்ணையாளிடம் சொல்ல எத்தனை சுலபமாக வாய் திறந்தான் பாருங்கள்.

வண்டி கிளம்பியது. உலகம்மாள் பழையபடி கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். பூமயில் அவள் மடியில் தூங்கிவிட்டாள். இந்த முறை நாகலெட்சுமி நாத்தனாரிடம் பிள்ளையைக் கொடுக்கவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பலகையைத் தூக்கி விட்டாள். காற்று அடித்தது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் கால்விரல் இடுக்கில் ஈரமணல் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

அக்காள்மடம் தாண்டும்வரை பெட்டியில் ஒருவர்கூடப் பேசவில்லை. அந்த அமைதி அவனுக்குப் பழகிய அமைதிதான். மெல்லக் கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தான்.

ட்டக் என்றான்.

உலகம்மாள் தலை நிமிரவில்லை. வெளியே ஓடுகிற பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எங்கே அடுப்பு மூட்டுவது என்று யோசிக்கிறவளுக்கு இதற்குப் பதில் சொல்ல வாய் வருமா?

அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். மறுபடி, ட்டக், ட்டக்.

எதிர்ப் பலகையில் இருளம்மாளின் விரல் தன்னால் மடங்கியது. பலகையைத் தட்டப் போனது. அவள் அந்தக் கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். செல்லச்சாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

நாகலெட்சுமி நாக்கை மேலே ஒட்டிப் பார்த்தாள். வரவில்லை. வெறும் எச்சில் சத்தம்தான் வந்தது. இன்னொரு தரம் முயன்றாள். அரைகுறையாக, எதுபோலவும் இல்லாமல், ஒரு சத்தம் வந்தது.

அவன் திரும்பினான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான். கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை அவள் உதட்டில் வைத்தான்.  மகன் முதல்முதலாகத் தானே கை நீட்டித் தன்னைத் தொடுகிறான் என்று நெஞ்சு பொங்கியது.

விரல் உதட்டின் வெடிப்பில் மேலும் கீழும் போயிற்று. காரை பெயர்ந்த உள்ளறைச் சுவரைத் தடவுகிற அதே தடவல்தான்.

"நான் சுவர் இல்லை, அய்யா" என்றாள் நாகலெட்சுமி. இந்தத் தடவை தொண்டை அடைக்கவில்லை, வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. அவள் வாய் அசைந்ததும் பயந்து, அவன் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.